அக்கா பாடிய மதியம்

அக்கா தன் குரலைப் பழக்கியது ஒரு காருக்குள். நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டின் சுவர்கள் அட்டை மாதிரி. பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் அடிக்கும் மணி எங்கள் கூடத்தில் கேட்கும். அக்கா வாய் திறந்தால் மூன்று மாடிக்கும் கேட்டது. இரண்டாவது புகார்க் கடிதம் வந்த அன்று அப்பா கார் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். அவளுக்கு அப்போது பதினாறு வயது, லைசென்ஸ் கிடையாது. கார் பார்க்கிங்கில் நின்ற இடத்திலேயே நிற்கும். அவள் முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்வரங்களில் ஏறி இறங்குவாள். தனியாக விடக் கூடாது என்று அம்மா என்னையும் கூட அனுப்புவார். நான் பின் இருக்கையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். குளிர்காலத்தில் எங்கள் மூச்சு பட்டே கண்ணாடி முழுக்க மங்கிவிடும். உச்சத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால், கதவில் கழன்று கிடந்த ஸ்பீக்கர் மூடி கிணுகிணுவென்று நடுங்கும். "வந்துருச்சு" என்பேன். அவள் திரும்பாமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். வெளியே பை தூக்கிக்கொண்டு போகிறவர்கள், இரண்டு பெண்கள் கார் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஓபரா என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து நாங்கள் வந்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. வந்த முதல் வருடமே அம்மா அவளைப் பக்கத்து ஊரில் ஓர் ஆண்ட்டியிடம் கர்நாடக சங்கீதம் கற்க அனுப்பினார். அந்த ஆண்ட்டி நல்லவர்தான். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மாவிடம் ஒரே குறையைத்தான் சொல்வார்: "குரல் ரொம்பப் பெருசா இருக்கு. அடக்குன்னா அடக்க மாட்டேங்கறா." பள்ளிக்கூடத்தில் சேர்ந்திசை சொல்லிக்கொடுத்த ஆசிரியை இதற்கு நேர் எதிர். அக்கா பாடி முடித்ததும், இன்னும் உள்ளே இருக்கிறதா, இருந்தால் அதையும் வெளியே விடு என்றாராம். மைக் இல்லாமல், ஐம்பது அறுபது வாத்தியங்களுக்கு மேலாக, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடுவதுதான் ஓபரா. அதில் பெண் குரல்களில் மிக உயரத்தில் நிற்பதைச் சோப்ரானோ என்கிறார்கள். அடக்கத் தெரியாத குரலுக்கு உலகத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அந்த ஆசிரியை அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுப் பேசினார். இப்படி ஒரு குரல் அபூர்வமாகத்தான் வரும், ஆனால் அது முற்றிப் பக்குவமாகப் பத்து வருடமாவது ஆகும், அவசரப்படுத்தவும் கூடாது, நிறுத்தவும் கூடாது என்றார். அப்பா தலையாட்டிக் கேட்டுவிட்டு, காரில் ஏறியதும் அம்மாவிடம் சொன்னார்: "பத்து வருஷமாமா! என்ற க்ரீன் கார்டே அதுக்குள்ள வந்துரும்." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்காதான் அதிகம் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அப்பா வந்தது கம்பெனி கொடுத்த வேலை விசாவில். நாங்கள் மூவரும் அவரைச் சார்ந்து வந்தவர்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சார்பு இருபத்தொரு வயது வரைதான். அதற்குள் நிரந்தரமாகத் தங்கும் க்ரீன் கார்டு வந்துவிட்டால் பிழைத்தோம், வராவிட்டால் பிள்ளை தனி, பெற்றோர் தனி. அப்பா வந்த முதல் இரண்டு வருடம் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பிவிடலாம், அங்கே வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்டலாம் என்பது அவர் கணக்கு. "ஏனுங்க, போட்டுத்தான் வெய்யுங்களே" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா போட்டபோது அக்காவுக்குப் பதினான்கு. அதன்பின் வேலை மாறினால் எங்கே முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வருமோ என்று பயந்து, வந்த பதவி உயர்வைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று எல்லோரும் சொல்வோம். நானும் சொல்வேன். ஆனால் சில நாள் சொல்ல வாய் வருவதில்லை.

அக்கா இசைக் கல்லூரியில் சேர்ந்தாள். இத்தாலிய மொழி, ஜெர்மன் மொழி, வாள் பிடிப்பது, மேடையில் மயங்கி விழுவது எல்லாம் கற்றுக்கொண்டாள். இருபத்தொன்று முடிந்ததும் அவளை மாணவர் விசாவுக்கு மாற்றினோம். அன்றிலிருந்து, பன்னிரண்டு வயதிலிருந்து அவள் வளர்ந்த ஊரிலேயே அவள் வெளிநாட்டு மாணவி. இளம் பாடகர்களுக்கு இங்கே போட்டிகள்தான் ஏணி. போட்டியில் ஜெயித்தால் பெரிய நிறுவனங்களின் ஆட்கள் காதில் விழலாம். அவள் போக நினைத்த போட்டிகளின் விண்ணப்பங்களில் ஒரு வரி இருந்தது: குடிமகளா, க்ரீன் கார்டு உண்டா. அக்கா விண்ணப்பத்தைக் கையில் எடுத்தால் முதலில் அந்த வரியைத்தான் தேடுவாள். பார்த்துவிட்டு மூடிவிடுவாள். அவளோடு படித்த பெண்கள், அவளைவிடச் சுமாராகப் பாடியவர்கள், அந்த ஏணியில் ஏறிப் போவதை நான் பார்த்தேன். அவள் அவர்களுக்கு ஆடை தைத்துக் கொடுத்தாள், அவர்களுடைய இத்தாலிய உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்தாள்.

கார்டு வந்தது. அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு. எனக்குப் பத்தொன்பதரை வயது, அக்காவுக்கு இருபத்திரண்டரை. தபால் பெட்டியிலிருந்து அப்பா மூன்று உறைகளைக் கொண்டுவந்து சமையல் மேடை மேல் வைத்தார். யாரும் பிரிக்கவில்லை. அக்கா குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள், பார்த்தாள். "Congrats பா" என்று அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அப்பா அவள் முதுகில் கைவைத்து "அந்த ரெண்டு வருஷம்" என்றார். அம்மா கேசரி கிளறினார். பண்டிகை மாதிரியும் இருந்தது, துக்க வீடு மாதிரியும் இருந்தது. அக்கா தட்டை வாங்கிக்கொண்டு, "நெய் கம்மியா இருக்கும்மா" என்றாள். நான் என் கார்டை ஒரு மாதத்துக்கு மேல் காலுறைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன், ஏதோ திருடிக்கொண்டு வந்ததைப் போல.

படிப்பு முடிந்தபின் மாணவர்களுக்கு ஒரு வருடம் வேலை செய்ய அனுமதி உண்டு. கணினி படித்திருந்தால் மேலும் நீட்டிக் கொடுப்பார்கள். பாட்டுக்கு அது கிடையாது, ஒரே வருடம்தான். அந்த வருடத்துக்கு அக்காவுக்கு டெக்சாஸில் ஓர் ஓபரா நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தில் இடம் கிடைத்தது. நானும் அப்போதுதான் டாலஸ் பக்கம் முதல் வேலையில் சேர்ந்து, காப்பெலில் ஒரு அபார்ட்மெண்ட் எடுத்திருந்தேன். அக்கா என்னோடு வந்து தங்கினாள். என் பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்குக்காரர். அக்கா பாடினால் கதவைத் தட்டிப் புகார் செய்யாமல், "முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு அதிர்ஷ்டம் இருந்தது.

அந்த நிறுவனத்தில் அவளுக்குக் கொடுத்த வேலை கவர். முக்கியப் பாடகிக்கு உடம்பு முடியாமல் போனால் அவருக்குப் பதில் ஏறுவதற்குத் தயாராக இருக்கிறவளுக்கு அந்தப் பெயர். பாட்டு முழுக்க மனப்பாடமாக இருக்க வேண்டும், எங்கே நின்று எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கூப்பிட மாட்டார்கள். முக்கியப் பாடகிகள் ஜுரத்தோடும் பாடுவார்கள். அக்கா மூன்று நாடகங்களுக்கு அப்படிக் காத்திருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். அக்காவின் போன் அடித்தது. "Yes. I'm ready" என்றாள், மறுபடியும் "Yes" என்றாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கார எடு. போற வழியில நான் வாய்ஸ் வார்ம்-அப் பண்ணணும்."

"இன்னைக்கேவா?"

"ரெண்டு மணிக்கு. மெயின் ரோல் பாடறவங்களுக்கு வாய்ஸே வரலையாம்."

ஃப்ரீவே முழுக்க அவள் உதட்டை மூடிக்கொண்டு முனகிக்கொண்டே வந்தாள். அங்கே போய்ச் சேர்ந்ததும் அவளைக் கையோடு உள்ளே அழைத்துப் போனார்கள். அந்தப் பாடகி அக்காவைவிட உயரம். உடையின் விளிம்பை மடித்து ஊசி போட ஒரு பெண் தரையில் உட்கார்ந்தாள். நான் வெளியே வந்து நியூ ஜெர்சிக்குப் போன் செய்தேன். அப்பா கம்ப்யூட்டரைத் திறந்து விமானம் பார்த்தார், எதுவும் நேரத்துக்கு வராது என்று தெரிந்துகொண்டே பார்த்தார். அம்மா, "போனை ஆன்ல வெச்சுக்கோ கண்ணு, நாங்க காதுலயாவது கேட்டுக்கறோம்" என்றார். உள்ளே போனை வைத்திருக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அந்த விதியை மீறியிருக்கலாம். எத்தனையோ விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள், அன்று ஒன்றை மீறியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

திரை ஏறுவதற்கு முன் ஒருவர் வந்து, இன்று முக்கியப் பாடகி பாடவில்லை என்று அறிவித்தார். அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மாள் தன் கணவரிடம் "நம் அதிர்ஷ்டம்" என்று அலுத்துக்கொண்டார். அக்கா வந்தாள். முதல் பாட்டில் குரல் கொஞ்சம் சின்னதாக இருந்தது. பிறகு எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியவில்லை, அவள் தோள் இறங்கியது. கடைசிப் பகுதியில் வாத்தியங்கள் எல்லாம் நின்றுபோய், ஒரே ஒரு உயர்ந்த ஸ்வரத்தை அவள் மெல்லியதாக, மிக மெல்லியதாகப் பிடித்து நிறுத்த வேண்டும். சத்தமாகப் பாடுவது எளிது, அங்கே மெதுவாகப் பாடுவதுதான் உயிரை வாங்கும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவள் அதை நிறுத்தினாள். ஆயிரம் பேர் இருமாமல் உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "யார் இந்தப் பெண்? எங்கிருந்து வந்தாள்?" என்று கேட்டார். "ஈஸ்ட் பிரன்ஸ்விக்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒப்பனை அறையிலிருந்து வீட்டுக்கு அழைத்தோம். "தப்பு ஏதும் வரலையே?" என்றார் அப்பா. "சாப்டியா?" என்றார் அம்மா. அக்கா தலைமுடியில் குத்திய ஊசிகளோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அன்று அரங்கில் மேற்குக் கரையில் பே ஏரியாவிலிருந்து வந்த ஓர் ஓபரா நிறுவனத்து ஆள் இருந்திருக்கிறார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. அடுத்த சீசனில் ஒரு நல்ல பாத்திரம், கவர் அல்ல, அவளே பாட வேண்டியது. ஒத்திகை அக்டோபரில். அவளுடைய வேலை அனுமதி ஜூனில் முடிகிறது. கலைஞர்களுக்கென்று ஒரு விசா இருக்கிறது, அசாதாரணத் திறமை உள்ளவர் என்று நிரூபித்தால் தருவார்கள். டாலஸில் ஒரு தமிழ் வக்கீலைப் பார்த்தோம். நிதானமான மனிதர்.

"பத்திரிகை விமர்சனம் எத்தனை இருக்கு?"

"ஒண்ணு. அதுலயும் ரெண்டு வரி."

"போட்டில ப்ரைஸ் ஏதாவது?"

"போட்டில சேரவே கார்டு கேக்கறாங்க சார்" என்றாள் அக்கா.

"எனக்குப் புரியுதும்மா. படிக்கிற ஆபீசருக்குப் புரியணுமே."

இரண்டு மாதம் அவளும் நானும் கடிதங்கள் சேகரித்தோம். கற்பித்தவர்கள், வாத்தியக் குழுவை நடத்துபவர்கள், கூடப் பாடியவர்கள் எல்லோரிடமும் எழுதி வாங்கி, விரல் தடிமன் கட்டாக அனுப்பினோம். மேலும் ஆதாரம் வேண்டும் என்று பதில் வந்தது. எங்களிடம் இருந்ததே அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் அம்மா போனில் ஒரு ஜாதகம் சொன்னார். நியூ ஜெர்சியில் ஓர் ஆண்ட்டி கொண்டுவந்தது. பையன் இங்கே பிறந்தவன், சிட்டிசன், பல் டாக்டர். அம்மா அதைக் கல்யாணமாகத்தான் பேசினார், விசாவாகப் பேசவில்லை. சிட்டிசனைக் கட்டிக்கொண்டால் கார்டு வந்துவிடும் என்று நான்தான் பேசினேன். மேஜையில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஒரு தடவ பேசித்தான் பாரேன்க்கா. எல்லாரும் பண்றதுதானே."

"யாரு எல்லாரும்?"

"இந்த ரோல் உனக்கு வேணுமா வேண்டாமா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஸ்டேஜ்ல பொய் சொல்றது என் வேலை. வீட்டுலயும் சொல்லணுமா?"

"நான் help பண்ணத்தான் பாக்கறேன்."

"உனக்கு ஈஸிடி. உன் கார்டு உன் பர்ஸ்ல இருக்கு."

"மூணு வருஷம் லேட்டா பொறந்தது என் தப்பா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று நிச்சயமாகக் கேட்டிருக்கும். அதன்பின் பதினோரு நாள் அவள் என்னோடு பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பாடுவாள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன். பன்னிரண்டாவது நாள் அவளாகவே வந்து என் படுக்கையில் உட்கார்ந்து, "பொட்டி எது பெருசு, உன்னுதா என்னுதா?" என்று கேட்டாள். சண்டை அதோடு தீர்ந்தது. அந்தக் கோபம் மட்டும் என்னிடம் இன்னும் இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

விசா கிடைக்கவில்லை; அனுமதி முடிந்தபின் தரும் அறுபது நாள் கெடுவும் தீர்ந்து ஆகஸ்டில் அவள் கிளம்பினாள். பே ஏரியா நிறுவனம் அதுவரை பொறுத்திருந்து, பிறகு வருத்தத்தோடு வேறொருத்தியை எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு வயதில் விட்டுவந்த கோயம்புத்தூருக்கு அக்கா இருபத்தைந்து வயதில் போய், சித்தப்பா வீட்டு மாடியில் இருந்தாள். அங்கே அவள் பயிற்சி செய்த முதல் நாள், கீழ் வீட்டிலிருந்து ஓடி வந்து, "யாருக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டார்களாம். போனில் அவள் அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு முழுசாக எட்டு மாதம் போயிற்று. சோப்ரானோ குரல் திறந்து கொடுக்கும் வயதில் எட்டு மாதம், கேட்க ஆளில்லாமல்.

பிறகு ஜெர்மனி. அங்கே சின்ன ஊரிலும் ஓபரா அரங்கம் உண்டு. குரலைக் கேட்டார்கள், பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டார்கள். மற்ற காகிதங்களை அரங்கத்துக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள். முதலில் பணிப்பெண், தோழி என்று சின்ன வேடங்கள். சென்ற சீசனில் நாடகத்தின் பெயரே அவள் பாத்திரத்தின் பெயராக இருந்தது. அப்பாவும் அம்மாவும் போய்ப் பார்த்தார்கள். முடிந்து டிராமில் வரும்போது அப்பா, "நான் சீக்கிரம் போட்டிருக்கணும் கண்ணு" என்றாராம். அக்கா, "அத விடுங்க, பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாளாம். "எனக்கென்ன தெரியும்? நல்லா சத்தமா இருந்துச்சு" என்றாராம் அப்பா. அம்மா இதைச் சொல்லும்போது சிரிப்பார். நல்லபடியாகத்தானே இருக்கிறாள், இன்னும் என்ன குறை என்று என்னைக் கேட்பார். ஒரு குறையும் இல்லை. அவள் குரல் எங்கேயும் பிழைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். அவள் ஊர் இதுதானே என்பதுதான் என் குறை. எங்கள் வீட்டுப் பக்கம் ரூட் எய்ட்டீன் சாலையில் எந்தச் சிக்னல் விளக்கு எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்லக்கூடியவள் அவள். இப்போது வந்தால் எத்தனை நாள் தங்குவாய் என்று அவளை விமான நிலையத்தில் கேட்கிறார்கள்.

இந்த வசந்தத்தில் நான் குடிமகள் ஆனேன். கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன், சின்னக் கொடி ஒன்று கொடுத்தார்கள். குடிமக்கள் உடன்பிறந்தவர்களுக்காக க்ரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வாரமே பழைய வக்கீலிடம் போனேன். "போடலாம்மா. ஆனா பதினஞ்சு வருஷத்துக்குக் குறையாது. மேலயும் ஆகலாம்" என்றார். அங்கிருந்தபடியே அக்காவை வீடியோவில் அழைத்தேன். ஒப்பனைக் கண்ணாடி முன்னால் பாதி முகத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பதினஞ்சா? நாப்பத்தஞ்சு ஆயிடும்டி. அதுக்குள்ள குரல் எறங்கிடும். சூனியக்காரி, மாமியார், அந்த மாதிரி ரோல்தான் குடுப்பாங்க."

"போடட்டுமா வேண்டாமா, அதச் சொல்லு."

அவள் புருவத்தை வரைந்தாள். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றைத் தொடங்கினாள். மேடைக்குக் கூப்பிடும் மணி அவள் பக்கம் ஒலித்தது. எழுந்துகொண்டே சொன்னாள்:

"போடு. சூனியக்காரிக்கும் நல்ல பாட்டெல்லாம் இருக்கு."